கௌதாரி கூப்பிடும் காலம்

பெரம்பலூர், அரியலூர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சிமெண்ட் ஆலைகளும், மக்காச்சோளமும், பருத்தியும், சின்ன வெங்காயமும்தான். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இங்கே கடல் இருந்த காலத்துப் புதைபடிவங்களைச் சொல்வார்கள். ஆனால் இந்த இரண்டு மாவட்டங்களின் மேட்டுக்காடுகளில் விடிகாலையில் நடந்து பழகியவர்களுக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். ஆள் முகம் தெரியாத அரை இருட்டில், ஏதோ ஒரு வேலியோரத்தில் இருந்து கௌதாரி கூப்பிடும். மூன்று அசையாக, திரும்பத் திரும்ப, மேலே ஏறிக்கொண்டே போகும் குரல். அது ஓய்வதற்குள் நாலு கொல்லை தள்ளி இன்னொன்று பதில் சொல்லும். பிறகு மூன்றாவது ஒன்று.

கேட்பதற்கு இனிமையாக இருக்கும். ஆனால் அது பாட்டு அல்ல, எல்லைத் தகராறு. "இது என் இடம், உள்ளே வராதே" என்று ஒரு சேவல் சொல்ல, "வந்தால் என்ன செய்வாய்?" என்று இன்னொன்று கேட்கிறது. இந்தத் தகராறைப் புரிந்துகொண்ட மனிதன் அதையே பொறியாக்கினான். தமிழ்நாட்டுப் பறவை வேட்டையின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த ஒரு சூட்சுமத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது. கூடவே ஒரு சிக்கலான கேள்வியும் வந்தது. வேட்டைக்கு மிக நல்ல காலம் எதுவோ, அதுவே அந்தப் பறவையைத் தொடாமல் விட்டுவிட வேண்டிய காலமாகவும் இருந்தால் என்ன செய்வது?

புதுச்சேரியின் பெயரைச் சுமக்கும் பறவை

கௌதாரி கோழி இனத்தைச் சேர்ந்த சிறிய தரைப்பறவை. நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். சாம்பலும் பழுப்பும் கலந்த உடம்பில் மெல்லிய வரிகள். பறப்பதை விட ஓடுவதையே விரும்பும். ஆள் மிக அருகில் வந்தால்தான் படபடவென்று இறக்கை அடித்துக் கொஞ்ச தூரம் பறந்து மறுபடியும் புதருக்குள் இறங்கிவிடும். இரவில் முள்மரங்களில் அடையும். கரையான், பூச்சி, புல் விதை, சிந்திய தானியம் எல்லாம் இதன் உணவு.

இதன் அறிவியல் பெயரின் பின்பாதி "பாண்டிசெரியானஸ்". பிரெஞ்சு இயற்கையியலாளர் சோனெரா புதுச்சேரியில் பார்த்து எழுதியதை வைத்து, 1789 இல் ஜெர்மானியரான க்மெலின் இந்தப் பெயரைச் சூட்டினார். ஈரான் வரை வாழ்கிற ஒரு பறவை உலகம் முழுவதும் நம் கிழக்குக் கரை ஊரின் பெயரால் அழைக்கப்படுகிறது என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் தமிழர்களுக்கு இந்தப் பறவையைத் தெரிய 1789 வரை காத்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. சங்க நூல்களில் சிவல், இதல் என்ற பெயர்கள் வருகின்றன. இவற்றைக் கௌதாரி என்றே உரைகாரர்கள் கொள்வர். இதன் சிறிய உறவினமான காடைக்குப் பூழ், குறும்பூழ் என்று பெயர். காடைச் சேவலின் சண்டைக் குணத்தைப் புறநானூற்றின் 321 ஆம் பாடலே சொல்லிவிடுகிறது.

பெரம்பலூர், அரியலூர் பகுதி கௌதாரிக்கு ஏற்ற நிலம். மேற்கே பச்சைமலை, அதன் அடிவாரத்தில் முட்புதர்கள், நடுவே கரிசல் காடுகள், வரப்போரங்களில் காரையும் சூரையும் வேலியாக நின்ற கொல்லைகள். அரியலூரும் உடையார்பாளையமும் பாளையப்பட்டுகளாக இருந்து பின்னர் ஜமீன்களான ஊர்கள். அந்த நாட்களில் காடு இன்னும் நெருக்கமாக இருந்தது. வேட்டை ஜமீன்தாருக்குப் பொழுதுபோக்கு, குடியானவனுக்கு எப்போதாவது கிடைக்கும் கறி, பறவை பிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்குச் சோறு.

தந்திரம் என்ன?

கௌதாரி பிடிப்பதில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று வலை. கௌதாரி ஓடும் பறவை என்பதால், புதர்களுக்கு நடுவே அது வழக்கமாக ஓடும் தடத்தில் தாழ்வாக வலையைக் கட்டிவிட்டு, எதிர்ப்பக்கம் இருந்து மெதுவாக நடந்து வருவார்கள். அவசரப்பட்டால் பறவை பறந்துவிடும். மெதுவாக வந்தால் ஓடி வந்து வலையில் விழும்.

இரண்டாவது வழிதான் பெயர் பெற்றது. குஞ்சில் இருந்து வளர்த்துப் பழக்கிய ஒரு சேவலைக் கூண்டோடு எடுத்துப் போய், காட்டுச் சேவல் ஒன்றின் எல்லைக்குள் வைப்பார்கள். கூண்டைச் சுற்றிச் சின்ன முளைகளில் கண்ணிகளைக் குத்துவார்கள். அந்தக் காலத்தில் கண்ணிக்குக் குதிரைவால் மயிர், பிற்காலத்தில் நைலான் இழை. பிறகு ஆள் புதருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். கூண்டுப் பறவை கூப்பிடும். தன் இடத்தில் அந்நியன் ஒருவன் நின்று சவால் விடுவதைக் கேட்ட காட்டுச் சேவல் பதில் கொடுத்துக்கொண்டே நெருங்கும். கூண்டைச் சுற்றி வந்து சண்டைக்குப் பாயும்போது கால் கண்ணியில் மாட்டும்.

இப்படி ஒரு விலங்கையோ பறவையையோ காட்டி அதன் இனத்தைப் பிடிப்பதற்குத் தமிழில் மிகப் பழைய சொல் ஒன்று உண்டு. "பார்வை". பார்வை மான் என்றால் காட்டு மானை வரவழைக்கப் பழக்கிய மான். ஒரு தொழிலுக்குத் தனிச்சொல் இருக்கிறதென்றால் அந்தத் தொழில் எவ்வளவு பரவலாக இருந்திருக்கும் என்று யூகிக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதிய குற்றாலக் குறவஞ்சியில் சிங்கனும் நூவனும் பறவைக்குக் கண்ணி வைக்கும் காட்சி விரிவாகவே வருகிறது. நாடகம் பார்க்க வந்த சாதாரண மக்களுக்கும் அந்த வேலை தெரிந்திருந்ததால்தான் அதை வைத்துச் சிரிக்க வைக்க முடிந்தது.

எந்த நேரம்? எந்த மாதம்?

கண்ணியும் கூண்டும் இருந்தால் மட்டும் போதாது. நேரம் தெரிய வேண்டும். கௌதாரி அதிகமாகக் கூப்பிடுவது விடிந்தும் விடியாத பொழுதிலும், பிறகு மாலை வெயில் தணிந்த பிறகும். நடுப்பகலில் கூண்டுப் பறவை எவ்வளவு கத்தினாலும் நிழலில் கிடக்கும் காட்டுப் பறவை எழுந்து வருவது அரிது.

நேரத்தை விட மாதம் முக்கியம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கௌதாரிகள் பெரும்பாலும் குடும்பமாக, சிறு கூட்டமாகத் திரியும். அப்போது எல்லைச் சண்டை குறைவு, அதனால் பார்வைப் பறவைக்கும் வேலை குறைவு. அது வலைக்கான காலம். தை, மாசியில் அறுவடை முடிந்து காடுகள் வெறிச்சோடும்போது கூட்டம் பிரிந்து ஜோடிகள் இடம் பிடிக்கத் தொடங்கும். குரல் கூடும். இனப்பெருக்கம் ஆண்டு முழுவதும் அங்கங்கே நடந்தாலும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அதாவது சித்திரை தொடங்கிப் புரட்டாசி வாக்கில், அதன் உச்சம். கூண்டுச் சேவல் கூப்பிட்டால் காட்டுச் சேவல் கண்மூடித்தனமாக ஓடி வருவதும் இந்த மாதங்களில்தான்.

ஆனால் அதே மாதங்களில் புதரடியில் தரையைச் சீய்த்து அமைத்த கூட்டில் ஆறு முதல் எட்டு முட்டைகள் வரை இருக்கும். பெட்டை சுமார் 18, 19 நாட்கள் அடைகாக்கும். சேவல் சும்மா இருப்பதில்லை. இடத்தைக் காப்பதும், குஞ்சுகள் வெளிவந்த பிறகு அவற்றோடு திரிந்து காவல் இருப்பதும் அதன் வேலை. கௌதாரி பெரும்பாலும் ஒரு ஜோடியாகவே வாழும் பறவை. கண்ணியில் மாட்டுவது ஒரு சேவல்தான். ஆனால் குலைவது ஒரு குடும்பம்.

வேட்டுவன் வீட்டு முற்றத்தில்

இந்தச் சிக்கல் பழைய ஆட்களுக்குத் தெரியாமலா இருந்தது? புறநானூற்றின் 320 ஆம் பாடலைப் படித்தால் தெரிந்திருந்தது என்றே தோன்றுகிறது. வீரை வெளியனார் பாடியது அது. கதை சின்னது. கொடிகள் படர்ந்து பந்தல் தேவையில்லாத நிழல் தரும் முற்றம். அங்கே வேட்டுவன் அயர்ந்து தூங்குகிறான். அவன் கட்டி வைத்திருந்த பார்வைப் பெண்மானைத் தேடி ஒரு காட்டுக் கலைமான் வந்து அதனோடு கூடி விளையாடுகிறது. பொறி வேலை செய்துவிட்டது. கணவனை எழுப்பினால் போதும், அன்றைக்குக் கறி உறுதி.

ஆனால் அவன் மனைவி எழுப்பவில்லை. தான் அசைந்தால் கணவன் விழித்துவிடுவானோ என்று ஓர் அச்சம். சத்தம் கேட்டுக் கலைமான் பிணையை விட்டுப் போய்விடுமோ என்று இன்னோர் அச்சம். அதனால் அவள் நடமாடாமல் இருக்கிறாள். ஆள் நடமாட்டம் இல்லாததால் மான்தோலில் காயப்போட்டிருந்த தினையைக் காட்டுக்கோழியும் இதலும் வந்து தின்கின்றன.

இது கறி சாப்பிடாதவர் வீடு அல்ல. வந்த பாணர் சுற்றத்தோடு உட்கார்ந்து வயிறாரக் கறி தின்னும் வீடு என்று அதே பாடல் சொல்கிறது. வேட்டையை வெறுத்த ஒருவர் எழுதிய அறிவுரையும் இல்லை. வேட்டையால் வாழும் ஒரு பெண், இணை சேரும் நேரத்தில் விலங்கைத் தொடக் கூடாது என்று தானாக நிறுத்திக்கொள்ளும் இடம் அது. பிற்காலச் சட்டங்கள் பிரிவு பிரிவாக எழுதியதன் கரு அந்த முற்றத்திலேயே இருக்கிறது.

அமெரிக்க வான்கோழி சொல்லும் கணக்கு

இதே சிக்கலை உலகின் இன்னொரு மூலையில் வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. 1612 இல் கோவாவில் இருந்து ஒரு வான்கோழி ஜஹாங்கீர் அரண்மனைக்கு வந்து சேர்ந்தபோது, பேரரசர் வியந்துபோய் ஓவியர் மன்சூரை அழைத்து வரையச் சொன்னார். இங்கே அது வேடிக்கைப் பொருள். அமெரிக்காவில் அது காட்டு வேட்டைப் பறவை.

அங்கே வசந்த காலத்தில் வான்கோழிச் சேவல்கள் விடிகாலையில் மரத்தில் இருந்தபடியே உரத்துக் கத்திப் பெட்டைகளை அழைக்கும். வேட்டைக்காரர் மரத்தடியில் ஒளிந்துகொண்டு பெட்டையின் குரலை எழுப்புவார். அதற்காகவே ஒரு சிறிய மரப்பெட்டி உண்டு. மூடியைப் பெட்டியின் விளிம்பில் தேய்த்தால் பெட்டை கூப்பிடுவது போலவே கேட்கும். ஆர்கன்சாஸைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897 இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இயல்பில் சேவல் இருக்கும் இடத்துக்குப் பெட்டைதான் போகும். வேட்டைக்காரர் அதைத் தலைகீழாக்கிச் சேவலை நடந்து வர வைக்கிறார். பெட்டைகள் அடைகாக்கப் போய்விட்ட பிறகு தனித்து நிற்கும் சேவல் இன்னும் சுலபமாக ஏமாறும்.

பார்த்தால் கௌதாரி வேட்டையின் அதே தந்திரம். ஆனால் கணக்கு வேறு. வான்கோழிச் சேவல் ஒன்று பல பெட்டைகளோடு கூடும். அடைகாப்பதிலோ குஞ்சு வளர்ப்பதிலோ அதற்குப் பங்கே இல்லை. பெட்டைகள் கருவுற்ற பிறகு சில சேவல்கள் போனாலும் அடுத்த தலைமுறை குறையாது. அதனால்தான் அங்கே வசந்த வேட்டையில் சேவலை மட்டும், குறிப்பிட்ட சில வாரங்களுக்கு மட்டும் சுட அனுமதித்தார்கள்.

அந்த விதி வருவதற்கு முன் அவர்களும் நிறையவே இழந்திருந்தார்கள். காடழிப்பாலும் கட்டுப்பாடில்லாத வேட்டையாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் வான்கோழி அறவே இல்லாமல் போனது. 1937 இல் துப்பாக்கி, தோட்டா விற்பனை வரியைக் காட்டுயிர் மீட்புக்கு ஒதுக்கும் சட்டம் வந்தது. 1950களில் இருந்து பீரங்கி போல வெடித்து விரியும் வலைகளால் காட்டு வான்கோழிகளை உயிரோடு பிடித்து, அவை அழிந்த இடங்களில் கொண்டுபோய் விட்டார்கள். எண்ணிக்கை பல லட்சங்களாக ஏறியது. பிடிக்கும் கலையே மீட்கும் கலையானது. ஆனாலும் கதை முடிந்துவிடவில்லை. தென்கிழக்கு மாநிலங்கள் சிலவற்றில் வான்கோழி மறுபடியும் குறையவே, பெட்டைகள் கருவுறும் முன்பே சேவல்களைச் சுட்டுவிடுகிறோமா என்ற ஐயம் எழுந்தது. 2020களில் ஜார்ஜியா, அலபாமா, டென்னசி போன்ற மாநிலங்கள் வேட்டை தொடங்கும் நாளைத் தள்ளி வைத்தன. ஒரு வாரம் முன்பா பின்பா என்பதில்கூட ஒரு பறவையின் தலையெழுத்து இருக்கிறது!

சட்டம் வந்த வழி

இந்தியாவிலும் சட்டம் முதலில் காலத்தைத்தான் பிடித்தது. 1887 ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள் பாதுகாப்புச் சட்டம், இனப்பெருக்கக் காலத்தில் புதிதாகக் கொன்ற அல்லது பிடித்த பறவைகளை நகராட்சி, கன்டோன்மென்ட் எல்லைக்குள் வைத்திருப்பதையும் விற்பதையும் தடுக்க வழி செய்தது. 1912 ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி போய், மாகாண அரசுகள் "வேட்டை கூடாத காலம்" அறிவிக்கலாம் என்றது. கௌதாரியும் காடையும் அதன் பட்டியலில் இருந்தன. ஆனால் மேட்டுக்காட்டு வேலியோரத்தில் விடிகாலை நான்கு மணிக்குக் கண்ணி குத்துகிறவரிடம் அந்த அறிவிப்பு போய்ச் சேர்ந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

1972 இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தொடக்கத்தில் எல்லா வேட்டையையும் தடை செய்துவிடவில்லை. கௌதாரி, காடை போன்றவற்றைச் "சிறு வேட்டை" என்ற பட்டியலில் வைத்து உரிமத்தோடு அனுமதித்தது. குட்டிகளையும் பெண் விலங்குகளையும் வேட்டையாடுவது பற்றி ஒரு பிரிவும், வேட்டை கூடாத காலம் பற்றி ஒரு பிரிவும் அதில் இருந்தன. 1991 இல் வந்த திருத்தம் இந்தப் பிரிவுகளையே எடுத்துவிட்டது. காரணம் எளிது. வேட்டையே கூடாது என்றான பிறகு எந்த மாதத்தில் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2022 திருத்தம் பட்டியல்களை மாற்றி அடுக்கியது. தடை அப்படியே தொடர்கிறது. இன்று கௌதாரிக்குக் கண்ணி வைப்பது எந்த மாதத்திலும் குற்றம்.

கௌதாரியின் கணக்கைப் பார்க்கும்போது இந்தத் தடை தவறு என்று சொல்ல முடியாது. சேவலும் குஞ்சு காக்கும் பறவைக்கு வான்கோழியின் விதி பொருந்தாது. ஆனால் இந்தத் தடைக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்றும் கேட்க வேண்டும்.

வேட்டையாடியவர்கள் எங்கே போனார்கள்?

துப்பாக்கியோடு வந்த பெரிய மனிதர்களுக்கு வேட்டை நின்றபோது ஒரு பொழுதுபோக்குதான் நின்றது. நரிக்குறவர்களுக்குத் தொழிலே நின்றது. 1909 இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதி நூல், இவர்களைக் குருவிக்காரர் என்ற பெயரில் பறவை பிடிப்பவர்கள் என்றே குறிக்கிறது. நரியைப் போல ஊளையிட்டு நரியை வரவழைப்பதும், பறவையின் குரலைக் கேட்டே அதன் இடத்தைச் சொல்வதும் இவர்கள் கைவந்த கலை. பெரம்பலூர் மாவட்டத்தில் எறையூரிலும் காரை அருகே மலையப்ப நகரிலும் இவர்களின் குடியிருப்புகள் உள்ளன. காட்டுக்குப் போன கைகள் ஊசிமணி, பாசிமணி கோக்கப் போயின. பேருந்து நிலையங்களிலும் திருவிழாக்களிலும் கடை விரித்து வாழ்க்கை நடந்தது.

இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோக்கூர் குழு 1965 இல் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதற்கான மசோதாவை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். இடையில் போனவை 57 ஆண்டுகள். பறவையைக் காக்கும் சட்டம் வந்த வேகத்துக்கும் அந்தப் பறவையை நம்பி வாழ்ந்த மனிதரைக் காக்கும் சட்டம் வந்த வேகத்துக்கும் எவ்வளவு தூரம்!

பறவை பிடிக்கும் அறிவுக்கு வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் 1959 இல் சலீம் அலி தலைமையில் பறவைகளுக்கு வளையமிட்டு வலசையை ஆராயும் திட்டத்தைத் தொடங்கியபோது, பறவையைக் காயமில்லாமல் பிடிக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். பீகாரில் தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்த மீர்ஷிகார்கள் வந்தார்கள். அவர்களில் அலி உசேன் என்பவர் பறவையியல் உலகம் முழுவதும் பெயர் பெற்றார். நம் கோடியக்கரையில் வளையமிட்டு விடப்பட்ட பறவைகளுக்குப் பின்னாலும் அந்த வலைக்காரர்களின் கைத்திறன் இருக்கிறது. ஒரு தலைமுறை விற்கப் பிடித்தது, அடுத்தது விடுவிக்கப் பிடித்தது.

அரியலூர் மாவட்டத்தில் 1999 இல் சரணாலயமான கரைவெட்டி ஏரி, 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்து வந்து இறங்கும் ஏரி அது. வருகிற பறவைகளை எண்ணவும் காட்டவும் காக்கவும் கூர்மையான கண்ணும் காதும் வேண்டும். அவை இதே மண்ணில் தலைமுறைகளாகப் பழகிய மனிதரிடம் இருக்கின்றன. அவர்களில் வயதானவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் முழுதாக எழுதப்படவில்லை.

கௌதாரி இன்று உலக அளவில் அழியும் நிலையில் உள்ள பறவை அல்ல. ஆனால் அதற்குக் கண்ணியை விடப் பெரிய எதிரிகள் வந்துவிட்டன. உயிர்வேலிகள் போய்க் கம்பிவேலிகள் வந்த இடத்தில் கூடு கட்டப் புதர் இல்லை. பூச்சிமருந்து அடித்த காட்டில் குஞ்சுக்குப் பூச்சி இல்லை. வேட்டை கூடாத காலம் என்று பறவைக்கு ஒன்று இருந்தது. புதருக்கு அப்படி ஒரு காலமே இல்லை.

அந்த வேட்டுவன் வீட்டுப் பெண் செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. சரியான நேரத்தில் அசையாமல் இருந்தாள், அவ்வளவுதான். பங்குனி, சித்திரையில் வரப்போரப் புதரை வெட்டவோ கொளுத்தவோ போகும் கை, உள்ளே இருந்து ஒரு கௌதாரி கூப்பிடுவதைக் கேட்டுக் கொஞ்ச நாள் பொறுத்தால், இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த முற்றத்துக்கும் இன்றைய பெரம்பலூர் மேட்டுக்காட்டுக்கும் தொடர்பு அறுந்துவிடவில்லை என்று பொருள்.